சிக்கானோ மக்கள் தங்களைத் தாங்களே ஆராய்ந்த கதை

அமெரிக்கா என்றால் நம்மில் பலருக்கு வானளாவிய கட்டடங்களும் டாலரும் ஹாலிவுட் படங்களும்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டில் நாள் முழுதும் குனிந்து திராட்சைக் குலை நறுக்குகிறவன் யார், பெரிய ஓட்டல்களில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள் யார், தையல் ஆலையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடார், குவாத்தமாலா என்று ஸ்பானிய மொழி வழங்கும் இடங்களின் பெயர்களே முதலில் காதில் விழுந்திருக்கும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, பிறர் மொழி பேசும் நகரத்தில் குடும்பம் நடத்தும் நாம் அவர்களை அறிந்துகொள்ளாமல் வேறு யார் அறிந்துகொள்வது?

இந்த இதழில் அவர்களுடைய கூலியைப் பற்றி அல்ல, அவர்கள் வரைந்த படங்களைப் பற்றியும் அந்தப் படங்களை அவர்களே ஆராய்ந்து பதிவு செய்ததைப் பற்றியும் எழுதுகிறோம். வயிற்றுப்பாட்டைப் பேசாமல் படத்தையும் நாடகத்தையும் பேசுவானேன் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். முழுவதும் படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வோம். அமெரிக்காவில் உள்ள மெக்சிக மக்கள் எல்லோருமே எல்லை தாண்டி வந்தவர்கள் அல்லர். 1846இல் தொடங்கிய போரின் முடிவில், 1848இல், குவாதலூப்பே இதால்கோ என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. டெக்சாசையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் அமெரிக்காவிடம் இழந்தது. இன்றைய கலிபோர்னியா முழுவதும் அதில் அடங்கும். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. சொந்த நிலத்திலேயே அந்நியர் என்ற பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது.

பிழைப்புத் தேடி வந்தவர்களின் கதை அதற்குப் பிந்தியது. இருப்புப்பாதை போட, சுரங்கம் தோண்ட, காய்கனி பறிக்க ஆள் வேண்டியிருந்தவரை அவர்களை அழைத்தார்கள். 1930களில் பெரும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும், பல லட்சம் பேரை, அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குழந்தைகள் உட்பட, ரயிலேற்றி மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே உலகப்போர் வந்தது. வயலுக்கு ஆள் இல்லை. உடனே 1942இல் அதே அரசு மெக்சிகோவோடு 'பிராசேரோ' ஒப்பந்தம் போட்டது. 1964 வரை அந்தத் திட்டத்தில் சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. பிராசேரோ என்றால் கையால் உழைப்பவன் என்று பொருள். கைதான் வேண்டும், கையோடு சேர்ந்து வரும் வாயும் வயிறும் பெண்டு பிள்ளைகளும் வேண்டாம்!

பெயருக்கும் ஒரு கதை உண்டு. 'சிக்கானோ' என்பது ஒரு காலத்தில் கௌரவமான சொல் அன்று. கொஞ்சம் வசதி பெற்றுவிட்ட மெக்சிக அமெரிக்கர்களே, புதிதாக வந்த ஏழைக் கூலியைக் கேலியாக அழைக்கப் பயன்படுத்திய சொல். 1960களில் இளைஞர்கள் அந்த வசவை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். ஆமாம், நாங்கள் சிக்கானோக்கள்தாம் என்றார்கள். பெண்கள் 'சிக்கானா' என்றார்கள். அரசாங்கமோ 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அத்தனை பேருக்கும் 'ஹிஸ்பானிக்' என்று ஒரு பொதுப் பெயரை அச்சடித்துத் தந்தது. அது ஸ்பெயினைச் சுட்டும் பெயர். முந்நூறு ஆண்டுகள் தங்களை ஆண்டவனின் பெயரைச் சுமப்பதா என்று கேட்டவர்கள் பலர். 'லத்தீனோ' என்ற சொல்லை அவர்கள் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். நாம் இதில் சிரமப்பட்டு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடன் என்று பாராமல் எல்லோருக்கும் 'மதராசி' என்று ஒரே முத்திரை குத்தியதை மும்பையில் நம் பெரியவர்கள் அனுபவித்திருக்கிறார்கள்.

வேலைநிறுத்தத்தில் பிறந்த கலை

1965 செப்டம்பர் 8ஆம் நாள் கலிபோர்னியாவில் டெலானோ என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொடங்கியவர்கள் மெக்சிகர்கள் அல்லர், லாரி இட்லியாங் தலைமையில் இருந்த பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள். இதைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. சில அந்த ஒரு வரியையும் விட்டுவிடுகின்றன. எட்டு நாள் கழித்து, மெக்சிகோவின் விடுதலை நாளான செப்டம்பர் 16 அன்று, சீசர் சாவேஸ், டொலோரெஸ் உவெர்த்தா ஆகியோர் கட்டிய சங்கம் கூடி, நாங்களும் வருகிறோம் என்று முடிவெடுத்தது. இரு மொழி பேசும் இரு கூட்டங்களை ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்திக் கூலியைக் குறைப்பதே தோட்ட முதலாளிகளின் பழைய தந்திரம். அது அன்று பலிக்கவில்லை. திராட்சை வாங்காதீர்கள் என்ற கோரிக்கை நாடெங்கும் பரவியது. ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்தச் சங்கத்தின் கொடியைப் பாருங்கள். சிவப்புத் துணி, நடுவே வெள்ளை வட்டம், வட்டத்துள் கருங்கழுகு. 1962இல் அமைந்த கொடி. கழுகின் இறகு வளைந்து நெளியாமல் படிக்கட்டுப் போல நேர்க்கோடுகளால் ஆனது. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். படம் வரையத் தெரியாத கூலிக்காரனும் அதை வரைய வேண்டும், வீட்டில் இருக்கும் துணியை வெட்டித் தைக்க முடிய வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்களாம். கலைக்கல்லூரியில் இதற்கு என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று நமக்குத் தெரியாது. எங்கள் மதிப்பில் இது நூற்றுக்கு நூறு.

அந்த இயக்கத்துக்கு ஒரு பத்திரிகை இருந்தது. பெயர் 'எல் மால்கிரியாதோ'. அடக்கமில்லாத, வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை என்று சொல்லலாம். ஆண்ட்ரூ செர்மேனோ என்ற ஓவியர் அதில் கேலிச்சித்திரம் போட்டார். 'டான் சோதாகோ' என்ற குள்ளமான, கந்தல் உடுத்த தொழிலாளி, 'டான் கொயோட்டே' என்ற ஆள்பிடிக்கும் கங்காணி, தோட்ட முதலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துத் தங்கள் கங்காணியை அடையாளம் கண்டு சிரித்தார்கள். சிரிப்பு வந்த இடத்தில் அச்சம் கொஞ்சம் குறையும்.

நாடகமும் அப்படித்தான். லூயிஸ் வால்டெஸ் என்ற இளைஞர், அவரும் தோட்டக்கூலிக் குடும்பத்தில் பிறந்தவர், 1965இல் 'தியேட்ரோ கம்பெசினோ' என்ற உழவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். மேடை ஒரு லாரியின் தளம். நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தவர்களே. கழுத்தில் ஓர் அட்டை: இவன் முதலாளி, இவன் கங்காணி, இவன் கருங்காலி. ஒரு நாடகத்தில் பன்றி முகமூடி போட்ட முதலாளியும் அவன் தொழிலாளியும் விளையாட்டாக இடம் மாற்றிக் கொள்கிறார்கள். முகமூடியும் சுருட்டும் கைமாறியதும் அதிகாரமும் கைமாறிப் போகிறது. முதலாளி உதவிக்கு அலறுகிறான். தோட்டத்தின் ஓரத்தில், உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருப்பவர் காதில் விழும்படி இப்படிப்பட்ட நாடகங்களை நடித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இதைவிட நல்ல சங்கப் பிரசாரம் எது?

சாக்ரமெண்டோ நகரில் ஓர் ஓவியர் கூட்டம் சங்கத்துக்குச் சுவரொட்டி அடித்துக் கொடுத்தது. ஆங்கிலத்தில் அவர்கள் குழுப் பெயரின் முதலெழுத்துகளும் கனடா நாட்டு விமானப்படையின் முதலெழுத்துகளும் ஒன்றாக இருந்தன. ஆட்கள் குழம்பினார்கள். இவர்கள் பெயரைத் திருத்தவில்லை. அப்படியே 'அரச சிக்கானோ விமானப்படை' என்று பெயர் சூட்டிக்கொண்டு, விமானிகளின் உடுப்பை மாட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கு வந்தார்கள். விமானம் ஒன்றும் கிடையாது. இந்த வேடிக்கையுணர்ச்சி நம் மேடைகளில் அண்மைக்காலமாகக் குறைந்து வருகிறதோ என்று நமக்கு ஒரு கவலை உண்டு.

பாலத்தின் அடியில்

சான் டியகோ நகரில் பாரியோ லோகன் என்ற மெக்சிகப் பேட்டை இருக்கிறது. 1950களில் அங்கே வீடுகளுக்கு நடுவே பழைய இரும்புக் கடைகளும் தொழிற்கூடங்களும் வர மாநகராட்சி வழிசெய்தது. 1963இல் நெடுஞ்சாலை ஒன்று பேட்டையை இரண்டாகக் கிழித்தது. 1969இல் கொரனாடோ தீவுக்கூற்றுக்குச் செல்லும் பெரிய பாலத்தின் தூண்கள் வந்து இறங்கின. எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்தன. பாலத்தடியில் ஒரு பூங்கா தருகிறோம் என்று மட்டும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

1970 ஏப்ரல் 22. பாலத்தடியில் மண்வாரி இயந்திரங்கள் வந்து நின்றன. பூங்காவுக்கா என்று விசாரித்தால், இல்லை, நெடுஞ்சாலைப் போலீசுக்கு நிலையம் கட்டவாம். செய்தி பரவியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், கிழவர்கள் எல்லோரும் வந்து இயந்திரங்களைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். நிலத்தைத் தாங்களே கொத்திக் கற்றாழையும் பூச்செடியும் நட்டார்கள். பன்னிரண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இறுதியில் அரசு இறங்கி வந்தது. 1973 முதல் அந்தப் பாலத்தின் கான்கிரீட் தூண்களில் வண்ணம் ஏறத் தொடங்கியது. பழைய மெக்சிகத் தெய்வங்கள், புரட்சி வீரர்கள், தோட்டத் தொழிலாளர்கள். பேட்டை வேண்டும், இரும்புக் கடை வேண்டாம் என்ற கோரிக்கைக்கும் ஒரு தூண். தங்களை நசுக்க வந்த தூணையே தங்கள் வரலாற்றுப் புத்தகமாக்கினார்கள். போலீஸ் நிலையம் வந்திருக்க வேண்டிய அந்த இடம் 2016இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜூடி பாக்கா என்ற சிக்கானா ஓவியர் 1976இல் இன்னொரு வேலையைத் தொடங்கினார். வெள்ளநீர் வடிகால் ஒன்றின் கான்கிரீட் கரையில், கிட்டத்தட்ட அரை மைல் நீளத்துக்கு, கலிபோர்னியாவின் வரலாறு. 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள், அவர்களில் பலர் போலீசு வழக்கில் சிக்கியவர்கள், சில கோடைக்காலங்கள் உழைத்து வரைந்தார்கள். மெக்சிகர்களை ரயிலேற்றி அனுப்பியது, ஜப்பானியர்களை முகாமில் அடைத்தது, நெடுஞ்சாலைகள் பேட்டைகளைக் கிழித்தது, எல்லாம் அங்கே உண்டு. வரைவதற்கு முன் வரலாற்றாசிரியர்களையும், நிகழ்ச்சிகளைக் கண்ணால் கண்ட முதியவர்களையும் கேட்டார்கள். ஆராய்ச்சி என்ற சொல்லை நாம் இங்கேதான் முதலில் பயன்படுத்துகிறோம். பள்ளிப்படிப்பை விட்ட பையன் தன் பாட்டனின் காலத்தைக் கேட்டறிந்து சுவரில் எழுதுகிறான். அதற்கு அந்தச் சொல் பொருந்தாது என்றால் வேறு எதற்குப் பொருந்தும்?

கதவைத் தட்டியவர்கள்

இப்படியெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பெரிய அருங்காட்சியகங்கள் என்ன செய்தன? லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் சிக்கானோ கலைக்கு ஏன் இடமில்லை என்று 1972இல் ஓர் இளைஞர் போய்க் கேட்டார். சிக்கானோக்கள் உயர்ந்த கலை படைப்பதில்லை, அவர்கள் ரவுடிக் கும்பல்களில் திரிபவர்கள் என்ற பொருளில் அங்கிருந்த அதிகாரி பதில் சொன்னாராம். 'ஆஸ்கோ' என்ற குழுவைச் சேர்ந்த மூவர் அன்றிரவே திரும்பிப்போய் அருங்காட்சியகத்தின் வாயில் பக்கத்துச் சுவரில் தங்கள் பெயர்களை மைதெளித்து எழுதினார்கள். பெயர் எழுதியாயிற்று; ஆகவே இந்தக் கட்டடம் முழுவதும் இனி எங்கள் படைப்பு என்பது அதன் பொருள்! நிர்வாகம் எழுத்தை அழித்துவிட்டது. ஆனால் குழுவினர் ஒரு காரியத்தை மறக்காமல் செய்திருந்தார்கள். குழுவைச் சேர்ந்த பட்சி வால்டெஸ் என்ற பெண் அந்தப் பெயர்களுக்கு மேலே நிற்பதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். 2011இல் அதே அருங்காட்சியகம் அந்தக் குழுவின் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தது. அந்த ஒரு புகைப்படம் இல்லையென்றால் 1972இல் நடந்ததற்குச் சான்று என்ன இருந்திருக்கும்?

வெள்ளையடித்து மறைப்பது அந்த நகருக்குப் புதிதும் அல்ல. 1932இல் மெக்சிகோவின் பேரோவியர் சிக்கேரோஸ் அங்கே ஒரு மாடிச் சுவரில் பெரிய ஓவியம் வரைந்தார். அமெரிக்கக் கழுகின் கீழ்ச் சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதனே அதன் நடுவுருவம். சில ஆண்டுகளுக்குள் முழுவதையும் வெள்ளையடித்து மூடினார்கள். வெயிலிலும் மழையிலும் சுண்ணாம்பு உரிந்து, 1960களின் இறுதியில் உருவம் மங்கலாகத் தெரியத் தொடங்கியது. அதைக் காக்க வேண்டும் என்று அப்போதே குரல் கொடுத்தவர் ஷிப்ரா கோல்ட்மன் என்ற ஆராய்ச்சியாளர். 2012இல்தான் அதைப் பழுதுபார்த்து மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். எண்பது ஆண்டுகள்!

இந்தக் கோல்ட்மன் அம்மையார் பிறப்பால் சிக்கானா அல்லர். யூதக் குடியேறிகளின் மகள். அவரும் டெக்சாசில் பிறந்த சிக்கானோ அறிஞர் தோமாஸ் இபர்ரா-பிராவுஸ்டோவும் சேர்ந்து, 1965 முதல் 1981 வரையிலான சிக்கானோ கலை பற்றி எங்கெங்கே என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடித் தொகுத்து, 1985இல் ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார்கள். பெரும்பகுதி எங்கே கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிறு பத்திரிகைகளிலும் துண்டறிக்கைகளிலும் கண்காட்சி அழைப்பிதழ்களிலும்தான். இபர்ரா-பிராவுஸ்டோ அப்படிப்பட்ட காகிதங்களைப் பல ஆண்டுகள் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்தார். மற்றவர் குப்பை என்று எறிவதை இவர் சேர்த்தார். அந்தப் பெட்டிகள் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதே ஸ்மித்சோனியன் லத்தீனோ மக்களை வேண்டுமென்றே புறக்கணித்திருக்கிறது என்று, அந்த நிறுவனம் தானே அமைத்த குழு 1994இல் அறிக்கை தந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் 1989இல் எழுதிய ஒரு கட்டுரை புகழ்பெற்றது. 'ராஸ்குவாச்சே' என்ற சொல்லைப் பற்றியது. மெக்சிக ஸ்பானியத்தில் அது மட்டமானது, ஒட்டுப்போட்டது என்று இகழும் சொல். காலி காப்பித் தகரத்தில் செடி வைப்பது, தேய்ந்த டயரை வெட்டிப் பூத்தொட்டியாக்குவது, உடைந்த பீங்கானைப் பதித்து வாசலில் சாமி மாடம் கட்டுவது, இவையெல்லாம் ராஸ்குவாச்சே. இல்லாமையிலிருந்து சமாளித்து எழும் இந்தப் பாங்குக்கும் ஓர் அழகுணர்ச்சி உண்டு, அது உழைக்கும் மக்களின் அழகுணர்ச்சி என்று அவர் நிலைநாட்டினார். டால்டா டப்பாவில் துளசி வளர்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அதை எழுத்தில் ஏற்றிப் பல்கலைக்கழகத்தை ஒப்புக்கொள்ள வைப்பது வேறு காரியம். அதைச் செய்ய, தகரத்தில் செடி வளர்ந்த வீட்டிலிருந்து ஒருவர் படித்து வரவேண்டியிருந்தது.

அப்படிப் படித்து வர இடமும் தானாகக் கிடைக்கவில்லை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். ஸ்பானியம் பேசினால் தண்டனை, மெக்சிகப் பிள்ளை என்றால் கைத்தொழில் வகுப்பு போதும் என்ற நிலையை எதிர்த்தார்கள். 1969இல் சாந்தா பார்பராவில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி, எங்கள் மக்களைப் பற்றிய படிப்பு பல்கலைக்கழகங்களில் வேண்டும் என்று திட்டம் வகுத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு சிக்கானோ ஆராய்ச்சி மையம் உருவாயிற்று. நியூயார்க்கில் அதே 1969இல் போர்ட்டோ ரிக்கோப் பெற்றோர்கள் பள்ளியில் எங்கள் பண்பாடு எங்கே என்று கேட்டதன் விளைவாக 'எல் மூசேயோ தெல் பாரியோ' என்ற பேட்டை அருங்காட்சியகம் பிறந்தது. பெற்றோர்கள் கேட்டார்கள் என்பதை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம்.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு

இந்த இயக்கத்தைக் குறையே இல்லாததாகக் காட்டுவது நம் நோக்கம் அன்று. தோட்டத் தொழிலாளர் சங்கமே 1970களில், சீட்டில்லாமல் எல்லை தாண்டி வந்த ஏழைகளை வேலையைக் கெடுப்பவர்கள் என்று குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தது உண்டு. பெண்கள் சமைத்துப் போடவும் தட்டச்சு செய்யவும் வேண்டும், பேசவும் வரையவும் ஆண்கள் என்ற நிலையும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் 'முகேரெஸ் முராலிஸ்டாஸ்' என்று பெண் சுவரோவியர்கள் தனியே கூட்டுச் சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

யோலாண்டா லோபெஸ் என்ற ஓவியரின் தாய் தையல் தொழிலாளி. மெக்சிக மக்கள் வீடுதோறும் வணங்கும் குவாதலூப்பே மாதாவின் ஒளிவட்டத்தில் 1978இல் லோபெஸ் மூன்று பெண்களை வரைந்தார். ஒரு படத்தில் அவரே காலில் ஓட்டக்காலணியோடு பாய்ந்து வருகிறார். இன்னொன்றில் பாட்டி அமர்ந்திருக்கிறார். மூன்றாவதில் தாய், மாதாவின் நட்சத்திரப் போர்வையைத் தையல் எந்திரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். மதத்தை இழிவுபடுத்திவிட்டார் என்று கோபித்தவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அந்தக் கோபம் வரவில்லை. நாள் முழுதும் எந்திரத்தில் முதுகு ஒடிந்த தாயைச் சுற்றி ஒளிவட்டம் போட மகளைவிட யாருக்கு உரிமை? லோபெஸ் 2021 செப்டம்பரில் காலமானார். அருங்காட்சியகம் ஒன்றில் அவருடைய படைப்புகளுக்கென்றே நடந்த முதல் தனிக்கண்காட்சி அடுத்த மாதம்தான் சான் டியகோவில் திறந்தது.

எஸ்தர் எர்னாண்டஸ் என்பவரும் திராட்சை விளையும் பள்ளத்தாக்கில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். சொந்த ஊர்த் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருப்பது தெரிந்தபின், 1982இல், உலர்திராட்சைப் பெட்டியில் கூடையேந்திச் சிரிக்கும் பெண்ணை எலும்புக்கூடாக மாற்றி ஓர் அச்சுப்படம் செய்தார். கடையில் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்க்கிறவன் அந்த எலும்புக்கூட்டை மறக்க முடியாது. இத்தகைய படங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 2022இல் ரிவர்சைடு நகரில் சிக்கானோ கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும், கண்ணாடிக்குள் போன படம் முதலில் தொழிலாளி வீட்டுச் சுவரில் பசை தடவி ஒட்டப்பட்டது என்பதை எழுதிவைக்க ஆள் வேண்டும். இல்லையென்றால் அழகு மிஞ்சும், பூச்சிமருந்து மறந்துபோகும்.

எழுதி வைத்ததை எதிரி எவ்வளவு பொருட்படுத்துகிறான் என்பதற்கு அரிசோனா மாநிலம் சான்று. டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிக அமெரிக்க வரலாற்றையும் கலையையும் இலக்கியத்தையும் பாடமாக வைத்திருந்தார்கள். 2010இல் அதைக் குறிவைத்து ஒரு சட்டம் வந்தது. 2012 ஜனவரியில் வகுப்புகள் நின்றன. ஏழு புத்தகங்களை வகுப்பறைகளிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் வழக்காடினார்கள். அந்தத் தடை இனப்பகையால் செய்யப்பட்டது, அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 2017 ஆகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். தீர்ப்பு வருவதற்குள் ஐந்து ஆண்டு மாணவர்கள் அந்தப் பாடம் இல்லாமலே பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேற்றத்துறையினர் வேலைத்தலங்களில் புகுந்து ஆட்களைப் பிடித்தபோது தெருவில் திரண்ட மக்களின் கையில் மறுபடியும் கொடியும் தட்டியும் இருந்தன. அந்தத் தட்டிகளையும் யாரேனும் சேர்த்துவைத்திருப்பார்கள் என்று நம்புகிறோம்.

இனி நம் பக்கம். நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறார்கள், பத்துக்குப் பத்து அறையைப் படம் பிடிக்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒரு கக்கூசு என்று கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் அந்த அறையில் யார் நாடகம் எழுதினார், எந்த ஆண்டு தமிழ்ப் பள்ளிக்குக் கையெழுத்து வாங்கினோம், முதல் பொங்கல் விழாவுக்குப் பெஞ்சு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் கேட்பதில்லை. நாம் சொன்னதும் இல்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீடு இடித்துக் கட்டும்போது பரண் முதலில் காலியாகிறது. நாடக நோட்டீசும் கூட்டத்து நோட்டீசும் பழைய பேப்பர்காரனிடம் கிலோ கணக்கில் போகின்றன. நமக்கென்று ஓர் இபர்ரா-பிராவுஸ்டோ எங்கிருந்தோ வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதே நம் கருத்து.

ஆகவே இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்க அலுவலகத்தில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு நீள நோட்டும் வைக்கப்படும். நோட்டீசு, அழைப்பிதழ், ரசீது, புகைப்படம், ஊரிலிருந்து வந்த கடிதம், எதுவானாலும் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம். எழுதத் தெரியாத தாய்மார்கள் வாயால் சொன்னால் போதும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் எழுதிக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். புகைப்படம் கொடுப்பவர்கள் பின்புறத்தில் பென்சிலால், மையால் வேண்டாம், ஊர், ஆண்டு, நிற்பவர்கள் பெயர் ஆகியவற்றை இடமிருந்து வலமாக எழுதித் தரவும். ஓரத்தில் பாதி முகம் மட்டும் விழுந்திருக்கும் பெண்களின் பெயரையும் கேட்டு எழுதவும்.